எழுத்து தெளியாத ஐப்பசி

அக்டோபர் 6, திங்கள்

சிமெண்ட் கம்பெனி ஜனவரியில் கொடுத்த டைரி. ஒன்பது மாதம் அலமாரியில் தூங்கியது. முதல் பக்கத்தில் கேட்டிருப்பதை நிரப்பிவிட்டுத் தொடங்குகிறேன். பெயர்: செண்பகவல்லி. வயது: நாற்பத்தொன்று. வேலை: கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் வரைவது, ஹெப்சிபா மேடம் ஆபீஸ், பாளையங்கோட்டை. ரத்த வகை: தெரியாது.

ஆபீஸில் வரைபட சாஃப்ட்வேர் போன வாரம் புதிய பதிப்புக்கு மாறியது. கோடுகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. எழுத்துகள்தான் படுத்துகின்றன. என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம். அதற்காகத்தான் இந்த டைரி.

இன்றைய கோளாறு: மதுரை ஆர்க்கிடெக்ட் அனுப்பிய கல்யாண மண்டப ஃபைலைத் திறந்தால், கம்பியின் விட்டத்தைக் காட்டும் குறி இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. எங்கள் சைட்டுகளை மேற்பார்வை பார்க்கும் மீரான் எட்டிப் பார்த்துவிட்டு, “யக்கா, இந்தக் கேள்விக்குறி போட்ட கம்பிய எந்தக் கடையில கேக்கது?” என்றான். அவர்கள் பயன்படுத்திய ஃபான்ட் எங்களிடம் இல்லை. கேட்டு வாங்கிப் போட்டதும் சரியாயிற்று.

அக்டோபர் 8, புதன்

எழுத்தின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் திருத்தும் பெட்டி திறக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கு ஒரு சுவிட்ச் மாதிரி அமைப்பு உண்டு. புதிய பதிப்பில் அது அணைந்து கிடந்தது. போட்டுவிட்டேன். மதியம் இன்னொன்று: மண்டபத்தின் இடது பக்கத்தைப் புரட்டி வலது பக்கமாக்கினால் எழுத்தும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக்கொண்டது. அதற்கும் ஒரு அமைப்பு. ஒன்று என்றிருந்ததைப் பூஜ்யமாக்கினேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மேடம், “செண்பகம், நீ மட்டும் இல்லன்னா நான் இந்நேரம் பழையபடி பேப்பர்ல வரையப் போயிருப்பேன்” என்றார்.

வெயில் இன்னும் குறையவில்லை. ஆபீஸ் தண்ணீர் கேன் இப்போதெல்லாம் சீக்கிரம் காலியாகிறது. பாத்ரூம் கீழ்த்தளத்தில் இருப்பதுதான் தொல்லை. இறங்கி ஏறியே முழங்கால் வலிக்கிறது.

அக்டோபர் 11, சனி

அரை நாள். ரேஷன், மாவு மில், வேலை முடிந்தது. ஆதிரா என் ஜாக்கெட்டுகளை எடுத்து ஓரம் பிடித்துத் தந்தாள். “எம்மா, நாலு மாசத்துல இப்படி மெலிஞ்சிட்ட. எனக்கும் அந்த ரகசியத்தச் சொல்லேன்” என்றாள். ரகசியம் ஒன்றுமில்லை. பாத்ரூம் படிதான். பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு அம்மா மெலிந்ததில் பெருமை, எனக்கும்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் ஃபைலைத் திறந்ததும் திக்கென்றது. ஓர் எழுத்துகூட இல்லை. எழுத்து இருந்த இடத்திலெல்லாம் வெறும் நீள்சதுரப் பெட்டிகள். ஒரு வார உழைப்பு. மேடத்திடம் சொல்லாமல் ஃபைலை மூடி மூடித் திறந்தேன்.

பிறகுதான் நினைவு வந்தது. பழைய காலத்தில் கம்ப்யூட்டர்கள் மெதுவாக ஓடும். எழுத்துக்குப் பதில் பெட்டியை மட்டும் காட்டி வேகப்படுத்த ஒரு வசதி வைத்திருந்தார்கள். அது தெரியாமல் இயங்கியிருக்கிறது. அணைத்துவிட்டுப் படத்தைப் புதுப்பித்ததும் எல்லா எழுத்தும் குதித்து வந்தன. சந்தோஷத்தில் மீரானுக்கும் மேடத்துக்கும் எனக்கும் கரும்புச்சாறு வாங்கிவரச் சொன்னேன். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

புதுக் கோளாறு. எண்களின் விளிம்பு கலங்கித் தெரிகிறது. 3, 6, 8 மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. ஃபான்ட்டை மாற்றிப் பார்த்தேன். எழுத்து விளிம்பை மழுப்பும் வசதியை அணைத்தும் போட்டும் பார்த்தேன். கொஞ்சம் பரவாயில்லை, பிறகு மறுபடி அப்படியே. வந்து வந்து போகிற கோளாறுதான் இருப்பதிலேயே மோசம்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அதிரசம், முந்திரிக்கொத்து, மைசூர்பாகு. இவருக்கு இன்று விடுமுறை கிடையாது. டவுன் பஸ் கண்டக்டருக்கு ஏது தீபாவளி. கூட்டம் ஏற ஏற டிக்கெட் கிழித்துவிட்டு வந்து, “செம்பா, பலகாரமெல்லாம் இவ்வளவு குறைஞ்சிருக்கே, யாரும் வந்தாங்களா?” என்றார். யாரும் வரவில்லை. எனக்குப் பசியாக இருந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

எழுத்துகள் படுமோசம். மானிட்டர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஏழு வருடப் பழசு. மேடத்திடம் சொன்னேன். அவர் வந்து பார்த்து, “எனக்கு நல்லாத்தான தெரியுது” என்றார். நாள் முழுக்கப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும் என்றேன். மறு பேச்சுப் பேசாமல் போன் போட்டுப் புதிதாக ஒன்று சொல்லிவிட்டார். அந்த மனசு யாருக்கு வரும்.

அக்டோபர் 22, புதன்

கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். பகலில் தண்ணீர் மட்டும், மாலையில் ஒரு டம்ளர் பாலும் கொஞ்சம் பழமும். புதிய மானிட்டர் வந்தது. அகலமாக இருக்கிறது.

அக்டோபர் 25, சனி

எழுத்துகள் தெளிவு. 8 எட்டாகவே தெரிகிறது. நான் சொன்னேன் அல்லவா, மானிட்டர்தான்.

அக்டோபர் 27, திங்கள்

சூரசம்ஹாரம். திருச்செந்தூர் போக முடியவில்லை, டி.வி.யில் பார்த்தோம். விரதம் நல்லபடியாக முடிந்தது.

அக்டோபர் 30, வியாழன்

மண்டபத்தின் முன்னால் ஒரு பெரிய போர்ட்டிகோ வருகிறது. மாப்பிள்ளை கார் வந்து நிற்கிற இடம். முன்பக்கம் தூண் கிடையாது. கட்டடத்திலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல்கம்பிகள்தான் முழுப் பாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். மேடம் பிரிண்டில் சிவப்புப் பேனாவால் திருத்தங்கள் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் இன்றே ஏற்றிவிட்டேன். ஒரு மேல்கம்பிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 180 மில்லிமீட்டர். மேடம் வேறு சைட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, மீரான் வாங்கிப் போனான்.

எழுத்துகள் மறுபடி கலங்குகின்றன. புது மானிட்டரிலும்.

நவம்பர் 3, திங்கள்

கேபிளை மாற்றினேன். படத்தைத் திரைக்கு அனுப்பும் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். எழுத்தின் உயரத்தை மாற்றப் போனால் மாறவில்லை. ஸ்டைலிலேயே உயரத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பூட்டை எடுத்து எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கி வேலை செய்தேன், பிரிண்டுக்கு முன் பழைய அளவுக்கு இறக்கினேன். மேடம் கவனிக்கவில்லை.

அசதி. மழைக்காலம் அல்லவா.

நவம்பர் 6, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று போர்ட்டிகோ கான்கிரீட். கலவை மெஷின், இருபதுக்கு மேல் ஆட்கள், எல்லோரும் ஏழு மணிக்கே தயார். மேடம் சாரத்தில் ஏறிக் கம்பியைப் பார்த்தவர், “நிப்பாட்டுங்க” என்றாராம். மீரான் பிறகு சொன்னான். கம்பிகள் அகலம் அகலமாகக் கிடக்கின்றன. அவர் கணக்கில் 130. சைட்டில் 180. மீரான் வரைபடத்தை நீட்டினான். அதில் 180 என்றுதான் இருக்கிறது. வரைபடத்தில் இருந்ததை அவன் செய்திருக்கிறான்.

ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். மண்டபக்காரர் எல்லோர் முன்னாலும் மேடத்தை நாலு வார்த்தை பேசினாராம்.

மேடம் ஆபீஸுக்கு வந்து சத்தம் போடவில்லை. “செண்பகம், இது எப்படி 180 ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். சாஃப்ட்வேர் கோளாறாக இருக்கும், புதிய பதிப்பு எண்களைத் தானாக மாற்றியிருக்கும், நாளைக்குக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

காலை முழுக்கப் பழைய ஃபைல்களைத் தேடித் தேடித் திறந்தேன். தானாகச் சேமித்த பிரதிகள் எல்லாவற்றிலும் 180. அப்படியானால் சாஃப்ட்வேர் மாற்றவில்லை. நான்தான் அடித்திருக்கிறேன். ஆனால் எழுதியிருந்ததைத்தானே அடித்திருப்பேன். உடனே மேடத்தின் சிவப்புப் பேனாத் திருத்தம் போட்ட பிரிண்டைக் காகிதக் கட்டுக்குள்ளிருந்து உருவினேன். அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். மீரானும் அங்கே இருந்தான்.

“பாருங்க மேடம். நீங்க 180-ன்னுதான் எழுதியிருக்கீங்க. நீங்களே பாருங்க.”

குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன்.

மேடம் பார்த்தார். மீரான் பார்த்தான். மீரான் தலையைக் குனிந்துகொண்டு, “யக்கா, அது 130” என்றான்.

“எங்க 130? எட்டுதான போட்டிருக்கு?”

“மூணுக்கா.”

ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டு. தள்ளிப் பிடித்தேன். எட்டு. மேடம் தன் போனில் அந்த இடத்தைப் படம் பிடித்து, விரலால் இழுத்துப் பெரிதாக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரை முழுக்க ஒரே ஓர் எண். மூன்று. இடது பக்கம் திறந்து கிடந்தது.

“எத்தன நாளா இப்படி இருக்கு?” என்றார் மேடம்.

அது மானிட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் இருந்தது காகிதம். காகிதத்துக்கு ஏது மானிட்டர்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். “நானும் பாக்காமத்தான கையெழுத்துப் போட்டேன். தப்பு உனக்கு மட்டும் இல்ல. கம்பிதான, அவுத்துக் கட்டிரலாம். நீ நாளைக்குப் போயி கண்ணக் காட்டு” என்றார்.

நவம்பர் 8, சனி

கண்ணாடிக் கடையில் பரிசோதிக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள். நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, “அக்கா, நான் உங்களுக்கு இன்னைக்குக் கண்ணாடி தர மாட்டேன்” என்றாள்.

“ஏம்மா, காசுதான தாரேன்.”

“அதுக்கில்லக்கா. உங்களுக்கு ஒரு நா தெளிவா, ஒரு நா கலங்கலாத் தெரியுதுங்கீங்க. இன்னைக்குப் பவருக்குக் கண்ணாடி போட்டா அடுத்த மாசம் இது ஆகாதும்பீங்க. தண்ணி நிறைய தவிக்குதா?”

“தவிக்கும். வெயிலு.”

“வெளிய மழ பெய்யுதேக்கா. மெலிஞ்சிருக்கீங்களா?”

நான் ஜாக்கெட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டேன். “முதல்ல சுகர் பாத்துட்டு வாங்க” என்றாள்.

பக்கத்து லேபில் ரத்தம் எடுத்தார்கள். நானூறைத் தாண்டி இருந்தது. லேப் பையன் இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

சமைத்தேன். துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

டாக்டரிடம் இவரும் வந்தார். டியூட்டியை மாற்றிக்கொண்டாராம். இவ்வளவு நாள் உடம்பு சொன்னது எதையும் கவனிக்கவில்லையா என்றார் டாக்டர். கவனித்தேன், எல்லாவற்றுக்கும் காரணமும் வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணுக்குள் மருந்து விட்டு, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள். நரம்பு, விழித்திரை எல்லாம் நன்றாக இருக்கிறது. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை வீங்கி வற்றுகிறதாம். அதனால்தான் இந்தக் கலக்கமும், விரத நாட்களில் வந்த தெளிவும். சர்க்கரை அடங்கினால் பார்வை தானாகத் திரும்பும். ஆனால் மருந்து ஆரம்பித்த சில வாரம் இன்னும் மோசமாகத் தெரியலாம், பயப்படக் கூடாது என்றார்.

பயம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து இவர் தானே டீ போட்டார். எனக்குச் சீனி போடவில்லை. தனக்கும் போடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உங்களுக்கு என்னத்துக்கு இந்தத் தண்டன? சீனி போட்டுக் குடிங்க” என்றேன்.

“நல்லாத்தான இருக்கு” என்றார், பாயசம் குடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதும்விட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

டாக்டர் சொன்ன மாதிரியே ஆயிற்று. நேற்று வரை கலங்கலாவது இருந்தது. இன்று பக்கத்தில் இருக்கிற எதுவும் பிடிபடவில்லை. இந்த டைரியையே கையை நீட்டிப் பிடித்துப் பெரிது பெரிதாக எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் கொள்கிறது.

மேடத்திடம் போய், கண் சரியாகும் வரை லீவு எடுத்துக்கொள்கிறேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இதைச் சொல்ல நேற்று முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

“லீவு போட்டு வீட்டுல உக்காந்து என்ன செய்யப்போற? கண்ணுதான தெரியல, கைக்கு என்ன?” என்றார் மேடம். மீரானை நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

நவம்பர் 15, சனி

வேலை இப்படி நடக்கிறது. மீரான் சைட்டுக்குப் போகும் முன் காலையில் இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தங்களை வாய்விட்டுப் படிக்கிறான். என் விரல்களுக்குக் கட்டளைகள் எல்லாம் தெரியும், கீபோர்டைப் பார்க்க வேண்டியதில்லை. அடித்ததை அவன் திரும்பப் படிக்கிறான். மேடம் அறையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டு, “ஆமா, அது சரி” என்கிறார். ஒவ்வோர் எண்ணும் இப்போது மூன்று பேர் காதில் விழுகிறது.

“மூணு. முருகனுக்கு மூணு, மூணு,” என்று எட்டோடு குழம்பாதபடி மீரான் அழுத்திச் சொல்ல, “முருகனுக்கு ஆறுலா முகம்,” என்றேன்.

“பாத்தீயளா, நீங்க இப்பவும் மூணக் கேட்டா வேற நம்பர்தான் சொல்லுதீய,” என்றான்.

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தத் தப்பைப் பற்றி இந்த ஆபீஸில் சிரிக்க முடியும் என்று போன வாரம் நான் நினைக்கவில்லை.

நவம்பர் 19, புதன்

மழை விட்டது. கம்பிகளை அவிழ்த்து 130-க்கு நெருக்கிக் கட்டி, இன்று போர்ட்டிகோ கான்கிரீட் போட்டார்கள். மேடம் என்னையும் கூட்டிப் போனார். மண்டபக்காரர் என்னைப் பார்த்து, இவங்கதானா என்பது போல் மேடத்தைப் பார்த்தார். “இவங்கதான் எங்க டிராயிங் எல்லாம் போடுதவங்க. பதினாலு வருஷமா,” என்றார் மேடம். மண்டபக்காரர் கலவை மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கம்பிகள் மங்கலாகத்தான் தெரிந்தன. கலவை விழுமுன் மேலே ஏறி, குனிந்து, இடைவெளியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். என் சாணில் முக்கால்கூட இல்லை. நெருக்கம். திருப்தி.

நவம்பர் 24, திங்கள்

சர்க்கரை இறங்குகிறது. இரவில் பாத்ரூமுக்கு எழுந்திருப்பதில்லை. நேற்று இவரோடு பஸ் டிப்போ மைதானத்தைச் சுற்றி நடந்தேன். வழியில் பார்த்த கண்டக்டர்கள் எல்லோருக்கும் நின்று நின்று பதில் சொன்னதில் நடந்தது பாதி, நின்றது பாதி.

நவம்பர் 28, வெள்ளி

ஜாக்கெட் இறுக்குகிறது. ஆதிரா பிடித்த ஓரத்தை அவளே பிரித்தாள். முணுமுணுக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். எந்த அமைப்பையும் தொடவில்லை. 3 மூன்றாக இருந்தது. 6 ஆறாக, 8 எட்டாக. கூரான விளிம்போடு, மை காயாத மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் வரையாமல் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். கதவின் அளவு, ஜன்னலின் அளவு, வடக்கு திசைக் குறி, எல்லாவற்றையும். மீரான் வழக்கம்போல் நாற்காலியை இழுத்தான். வேண்டாம், நானே படிக்கிறேன் என்றேன். அவன் போகவில்லை. நான் படிக்க, அவன் சரிபார்த்தான். இனி எப்போதும் அப்படியே செய்வது என்று மேடம் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு கோளாறு மிச்சம். பிரிண்ட் எடுத்தால் தலைப்பு எழுத்துகள் உள்ளே கூடாக வருகின்றன. இது நிஜமாகவே சாஃப்ட்வேர்தான், மீரானைக் கூப்பிட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டேன். எழுத்தின் உள்ளே நிரப்பும் அமைப்பு அணைந்திருந்தது. ஒரு நிமிட வேலை.

டிசம்பர் 10, புதன்

போர்ட்டிகோவைக் கீழிருந்து தாங்கிய முட்டுகளை இன்று எடுத்தார்கள். நுனியிலிருந்து ஒவ்வொன்றாக. கடைசி முட்டு விழுந்ததும் மீரான் கீழே போய் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். அசையாமல் நிற்கிறது.

மதியம் ஆபீஸுக்குச் சுகர் பார்க்கும் மெஷினைக் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் பாருங்கள் என்று பத்து நாளாகச் சொல்லி வருகிறேன். மீரானுக்குச் சரியாக இருந்தது. மேடம், “எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது,” என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார்.

முன்னூறுக்குப் பக்கத்தில் காட்டியது.

மேடம் மெஷினை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “பேட்டரி இறங்கியிருக்கும்,” என்றார். பிறகு, “ஸ்ட்ரிப்பு பழசா இருக்கும்.” பிறகு, “காலையில மாமியார் வீட்டுல கேக் சாப்பிட்டேன், அதத்தான் காட்டுது.”

நான் என் விரலிலேயே குத்தி இன்னொரு ஸ்ட்ரிப்பில் பார்த்தேன். வரும் வழியில் லேபில் எனக்குச் சொன்னதற்கு மிக அருகில்தான் வந்தது. மெஷினை மேடத்தின் முன்னால் வைத்தேன்.

“மேடம், மெஷின நான் நல்லாப் பாத்துட்டேன். அதுல ஒரு கோளாறும் இல்ல.”

மேடம் மெஷினை என் பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, “வேல கிடக்கே, செண்பகம்,” என்றார்.

“வேலைக்கு நானும் மீரானும் இருக்கோம். நாளைக்கு வெறும் வயித்துல வாங்க. லேபுக்கு நான் கூட வாரேன்.”

“நானே போய்க்கிடுவேன்.”

“நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

டிசம்பர் 11, வியாழன்

ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். ஆறரைக்கே போய்விட்டேன். மேடம் எனக்கும் முன்னால் குளித்துச் சேலை கட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.